புதிய மேசைக் கணினிக்குப் பொருந்தும் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

முதன்முறையாகச் சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் பிராசஸர், மதர்போர்டு, ரேம் என ஒவ்வொன்றிலும் நல்லதெனக் கேள்விப்பட்டதைத் தனித்தனியே வாங்கிவிட்டு, அவற்றை ஒன்றுசேர்க்கும் நாளில்தான் அவை ஒத்துப்போகுமா என்று பார்க்கிறார்கள். பொருத்தம் என்பது ஒரே கேள்வி அல்ல. அதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இணைப்பு உடல்ரீதியாகப் பொருந்துகிறதா? மதர்போர்டின் பயாஸ் (கணினியை முதலில் இயக்கிவைக்கும் உள் மென்பொருள்) அந்தப் பாகத்தை அடையாளம் காண்கிறதா? கேபினெட்டில் அதற்கு இடமும் எஸ்எம்பிஎஸ்ஸில் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) அதற்குப் போதிய மின்சாரமும் இருக்கின்றனவா? முதல் கேள்விக்குக் கடைக்காரரே விடை சொல்லிவிடுவார். பின்னிரண்டையும் வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழிகாட்டியின் வரிசை அதற்காகவே அமைக்கப்பட்டது. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் தெரிவுகளைக் குறைக்கும் என்பதால், பின்னால் வரவேண்டியதை முன்னால் வாங்கினால் சிக்கல் உறுதி. தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று எஸ்எம்பிஎஸ்ஸையும் கேபினெட்டையும் முதலில் வாங்கிவைப்பது மிகப் பரவலான பிழை. அவை இரண்டும் பிற பாகங்களின் அளவையும் மின்தேவையையும் கணக்கிட்ட பிறகே முடிவாக வேண்டியவை.

விளக்கம் அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் எடுத்துக்காட்டைப் பின்தொடர்வோம்: காணொளித் தொகுப்புக்கும் விளையாட்டுக்கும் ஏற்ற நடுத்தரக் கணினி. ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு.

1. வாங்குவதற்கு முன் திரட்ட வேண்டியவை

முதலில் ஒரு தாளில் கணினியின் பயன்பாட்டையும் மானிட்டரின் தெளிவுத்திறனையும் எழுதிக்கொள்ளுங்கள். 1080பி மானிட்டரை மட்டுமே வைத்திருப்பவருக்கு 4கே விளையாட்டுக்கான கார்டு வீண்செலவு. அந்தச் செலவு பின்னர் எஸ்எம்பிஎஸ், கூலர், யூபிஎஸ் என்று சங்கிலியாக நீளும்.

அடுத்து, பரிசீலிக்கும் மதர்போர்டின் கையேட்டை அதன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்த பிறகு படிக்க வேண்டிய நூலாக அதை நினைப்பதுதான் வழக்கம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் படித்தால்தான் அதனால் முழுப்பயன். எந்த எம்.2 ஸ்லாட்டைப் (எஸ்எஸ்டி பொருத்தும் இடம்) பயன்படுத்தினால் எந்த சாட்டா போர்ட் (ஹார்டுடிஸ்க் இணைக்கும் இடம்) செயலிழக்கும் என்பது போன்ற செய்திகள் விளம்பரப் பக்கத்தில் இருக்காது. கையேட்டில் ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே இருக்கும்.

அதே தளத்தில் இன்னும் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, அந்த மதர்போர்டு ஏற்கும் பிராசஸர்களின் பட்டியல். மற்றொன்று, சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல். இவற்றோடு கேபினெட்டின் அளவு விவரங்களையும், வீட்டிலுள்ள யூபிஎஸ்ஸின் வாட் அளவையும் சேர்த்துவைத்தால் ஆயத்தம் முடிந்தது.

பிசிபார்ட்பிக்கர் போன்ற தளங்களில் பாகங்களை உள்ளிட்டால் வெளிப்படையான முரண்பாடுகள் பலவற்றை அவை சுட்டிக்காட்டும். வடிகட்டிப் பார்க்க அது நல்ல முதற்படி. ஆனால் கடையில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பெட்டியில் எந்தப் பயாஸ் பதிப்பு இருக்கிறது என்பதை எந்தத் தளமும் அறியாது.

2. பிராசஸரும் சாக்கெட்டும்

பிராசஸரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், மதர்போர்டில் தான் அமரும் இடமான சாக்கெட்டை அது தீர்மானிக்கிறது. சாக்கெட் மதர்போர்டையும், மதர்போர்டு ரேம் வகையையும் தீர்மானிக்கின்றன.

இன்று கடைகளில் எதிர்ப்படும் சாக்கெட்டுகள் முக்கியமாக நான்கு. ஏஎம்டியில் பழைய ஏஎம்4, 2022இல் வந்த ஏஎம்5. இன்டெலில் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ 1700, கோர் அல்ட்ரா 200 வரிசைக்காக 2024இல் வந்த எல்ஜிஏ 1851. ஒரு சாக்கெட்டுக்குரிய பிராசஸர் இன்னொன்றில் அமராது. இரண்டுமே இன்டெல் என்பதாலோ இரண்டுமே ரைசன் என்பதாலோ பயனில்லை: ரைசன் 5 5600 ஏஎம்4, ரைசன் 5 7600 ஏஎம்5.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாமல் கோர் ஐ5 12400எஃப் வாங்கியவர் மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் மானிட்டரை இணைத்துவிட்டுக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்; பழுது எதுவும் இராது. ஏஎம்5இல் ரைசன் 7000, 9000 வரிசைகளில் பெரும்பாலானவற்றில் எளிய கிராபிக்ஸ் உள்ளது, 7500எஃப் போன்றவற்றில் இல்லை. ஏஎம்4இல் நிலைமை தலைகீழ்: 5600ஜி போல ‘ஜி’ எழுத்து இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு, வெறும் 5600இல் இல்லை.

‘ஜி’ வரிசையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏஎம்5இல் ரைசன் 5 8500ஜி பிராசஸர் கிராபிக்ஸ் கார்டுக்கு நான்கு பிசிஐஇ தடங்களை (தரவு செல்லும் வழிகளை) மட்டுமே தரும். 8600ஜி, 8700ஜி இரண்டும் எட்டு தரும். 7600 முழுமையாகப் பதினாறு தரும். இப்போதைக்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் போதும், ஒரு வருடம் கழித்துப் பெரிய கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுபவர் இந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பெட்டி இல்லாமல் வரும் ‘டிரே’ பிராசஸர்கள் சற்று மலிவாகக் கிடைக்கும். அவற்றுக்கு வாரண்டி விற்பவரிடமிருந்துதான், தயாரிப்பாளரிடமிருந்து நேரடியாக அல்ல. ரசீதில் வாரண்டிக் காலத்தையும் அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் எழுதித் தராத கடையில், சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் இணையக் கடையாக இருந்தாலும், அதை வாங்காமலிருப்பதே நல்லது.

3. மதர்போர்டும் சிப்செட்டும்

சாக்கெட் ஒத்துப்போனால் மதர்போர்டும் ஒத்துப்போய்விடும் என்று நினைப்பது அரைகுறைப் புரிதல். ஒரே சாக்கெட்டில் பல சிப்செட்டுகள் (போர்டின் வசதிகளை நிர்ணயிக்கும் சில்லுகள்) உள்ளன. எல்ஜிஏ 1700இல் எச்610, பி760, இசட்790. ஏஎம்5இல் ஏ620, பி650, பி850, எக்ஸ்870 என்று அவை விரியும். போர்ட்டுகளின் எண்ணிக்கை, பிசிஐஇ தடங்கள், ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி இயக்கும்) வசதி ஆகியவற்றில் அவை வேறுபடுகின்றன.

இன்டெலில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய ‘கே’ பிராசஸரும் ‘இசட்’ சிப்செட்டும் சேர்ந்தே வேண்டும். ‘கே’ பிராசஸரை பி760 போர்டில் போட்டால் இயங்கும், ஆனால் அந்த எழுத்துக்காகக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி பயன்படாமல் கிடக்கும். ஏஎம்டியில் பி650 போர்டே அந்த வசதியைத் தருகிறது. ஏ620 பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய விடாது.

இதைவிட முக்கியமானது மின்சாரத்தைப் பிராசஸருக்குச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி. கோர் ஐ7 14700கே பிராசஸரின் அடிப்படை மின் அளவு 125 வாட் என்றாலும், டர்போவில் அது 253 வாட் வரை இழுக்கும். அதை மிக மலிவான எச்610 போர்டில் பொருத்தினால் பயாஸ் அதை ஏற்கும், விண்டோஸ் திறக்கும், எல்லாம் சரியாகவே தோன்றும். நீண்ட நேரம் காணொளி ரெண்டர் செய்யும்போது விஆர்எம் சூடாகி, பிராசஸரின் வேகம் தானாகவே இறங்கும். பொருந்தியும் பொருந்தாத நிலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நம் ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட் அளவிலேயே நின்றுவிடுவதால், விஆர்எம் மீது வெப்பத் தகடு உள்ள சாதாரண பி650 போர்டே அதற்குப் போதும்.

போர்டின் அளவையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் பெரும்பாலும் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேபினெட்டில் சிறிய போர்டு அமரும், சிறிய கேபினெட்டில் பெரிய போர்டு அமராது.

வைஃபை எல்லாப் போர்டுகளிலும் இருப்பதில்லை. ஒரே மாடலின் இரு வடிவங்கள் ஒன்றில் வைஃபையுடனும் மற்றொன்றில் அது இல்லாமலும் வரும். பெயரில் ஒரு சொல் மட்டுமே மாறியிருக்கும். வைஃபை இல்லாத வடிவத்தில் பெரும்பாலும் புளூடூத்தும் இராது.

4. பயாஸ் பதிப்பு

புதியவர்கள் மிக அதிகமாகக் கலங்கிப்போகும் இடம் இது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் திரையில் எதுவும் வராது.

ஒரு மதர்போர்டு வெளிவந்த பிறகு அதே சாக்கெட்டுக்குப் புதிய பிராசஸர்கள் வருவதுண்டு. பி650 போர்டுகள் 2022இல் வந்தன. ரைசன் 9000 வரிசை 2024இல் வந்தது. பழைய சரக்காகக் கிடங்கில் இருந்த பி650 போர்டில் பழைய பயாஸே இருக்கும் என்பதால், அதில் ரைசன் 5 9600எக்ஸ் பொருத்தினால் போர்டுக்கு அது என்னவென்றே தெரியாது. எல்ஜிஏ 1700இலும் 12ஆம் தலைமுறையோடு வந்த பி660, இசட்690 போர்டுகளில் 14ஆம் தலைமுறையைப் போடுவதற்கு இதே புதுப்பிப்பு தேவை.

செய்ய வேண்டியது இதுதான். தயாரிப்பாளரின் பிராசஸர் பட்டியலில் உங்கள் பிராசஸருக்கு நேரே எழுதியிருக்கும் குறைந்தபட்சப் பயாஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளின் மீதோ போர்டின் மீதோ ஒட்டியிருக்கும் சிறு வில்லையில் பயாஸ் எண் இருக்கும். அதைக் கடையிலேயே ஒப்பிடுங்கள். எண் பழையதாக இருந்தால் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

பிராசஸர் இல்லாமலேயே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டுகள் இந்தக் கவலையைத் தீர்க்கின்றன. ஏசுஸ் அதை பயாஸ் ஃபிளாஷ்பேக் என்றும், கிகாபைட் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்றும், எம்எஸ்ஐ ஃபிளாஷ் பயாஸ் பட்டன் என்றும் அழைக்கின்றன. எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்து, ஃபேட்32 வடிவில் உள்ள பென்டிரைவில் கோப்பை வைத்து, கையேடு சொல்லும் பெயரை அதற்கு இட்டு, குறிப்பிட்ட யூஎஸ்பி போர்ட்டில் சொருகிப் பொத்தானை அழுத்தினால் போதும். பெயரை மாற்ற மறப்பதும், வேறு போர்ட்டில் சொருகுவதுமே இங்கே நடக்கும் தவறுகள். இரு போர்டுகள் ஏறத்தாழ ஒரே விலையில் இருந்தால் இந்தப் பொத்தான் உள்ளதையே எடுங்கள்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறையை, குறிப்பாக அவற்றின் உயர்நிலைப் பிராசஸர்களை எடுப்பவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. அவற்றில் மிகை மின்னழுத்தத்தால் ஏற்பட்ட நிலையின்மைக்கு இன்டெல் 2024இல் திருத்தங்களை வெளியிட்டது. அவை பயாஸ் புதுப்பிப்பு வழியாகவே வந்து சேர்கின்றன. எனவே கணினி முதல் நாளே ஒழுங்காக இயங்கினாலும் பயாஸைப் புதுப்பித்துவிடுவது அவசியம்.

5. ரேம்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகளே இருந்தாலும் நடுவிலுள்ள வெட்டின் இடம் வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று இறங்காது. இறங்கவில்லையே என்று அழுத்தினால் ஸ்லாட் உடையும். ஏஎம்4 டிடிஆர்4ஐ மட்டும் ஏற்கும். ஏஎம்5, எல்ஜிஏ 1851 இரண்டும் டிடிஆர்5ஐ மட்டும் ஏற்கும். எல்ஜிஏ 1700இல் மட்டும் இரு வகைப் போர்டுகளும் விற்கப்படுகின்றன. பழைய டிடிஆர்4 ரேமை வைத்துக்கொள்ள நினைப்பவர் அந்தப் போர்டின் பெயரில் ‘டி4’ போன்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி கொண்ட இரண்டை, ஒரே பெட்டியில் வரும் இணையாக வாங்குங்கள். ஒரே ஒரு 32 ஜிபி குச்சி போட்டால் ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான இரு சேனல்களில் ஒன்று காலியாகக் கிடக்கும். நான்கு குச்சிகள் போட்டால் வேறு சிக்கல்: ரைசன் 7000 வரிசை இரண்டு குச்சிகளுக்கு டிடிஆர்5-5200 வேகம் வரை அதிகாரபூர்வமாக ஏற்கிறது, நான்கு குச்சிகளென்றால் அந்த உறுதி 3600க்கு இறங்கிவிடுகிறது. இப்போது இரண்டு, அடுத்த வருடம் இன்னும் இரண்டு என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தில் பெரும்பாலும் கைகொடுத்தது. டிடிஆர்5இல் தேவையான மொத்த அளவையும் தொடக்கத்திலேயே இரண்டு குச்சிகளாக வாங்குவதுதான் சரி.

பெட்டியில் அச்சிட்ட வேகம் தானாக வராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. டிடிஆர்5-6000 என்று எழுதிய ரேம், பயாஸில் எக்ஸ்போ (ஏஎம்டி) அல்லது எக்ஸ்எம்பி (இன்டெல்) என்ற ரேம் வேக அமைப்பை இயக்கும் வரை குறைந்த வேகத்திலேயே ஓடும். ஏஎம்டி போர்டுக்கு எக்ஸ்போ குறிப்புள்ள ரேமைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு 6000 நடைமுறையில் நல்ல நடுப்புள்ளி. அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்கு அவற்றில் கிடைக்கும் பயன் சொற்பம்.

சோதித்த ரேம்களின் பட்டியலில் உங்கள் மாடல் இல்லாவிட்டால் அது இயங்காது என்று பொருளல்ல. தயாரிப்பாளர் அதைச் சோதிக்கவில்லை என்பதே பொருள். ஆயினும் விலை ஒன்றாக இருக்கும்போது பட்டியலில் உள்ளதை விட்டு இல்லாததை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சிகளைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துவதே பெரும்பாலான கையேடுகள் சொல்லும் முறை. அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் அமர்ந்துவிடும்.

6. எஸ்எஸ்டி

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, பிசிஐஇ தடங்கள் வழியே வேகமாக இயங்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. புதிய போர்டுகளின் எம்.2 ஸ்லாட்டுகள் பலவும் என்விஎம்இயை மட்டுமே ஏற்பதால், பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய எம்.2 சாட்டா எஸ்எஸ்டி அவற்றில் தென்படாமல் போகும். 2280 என்ற எண் 22 மில்லிமீட்டர் அகலத்தையும் 80 மில்லிமீட்டர் நீளத்தையும் குறிக்கிறது. வழக்கமான தேர்வு அதுவே.

பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி 3.0 ஸ்லாட்டில் இயங்கும், வேகம் மட்டும் பாதியாகும். இதில் கலங்க ஒன்றுமில்லை. கையேட்டில் தேட வேண்டியது பகிர்வுக் குறிப்பு: சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 நிரம்பினால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். சில இசட்790 போர்டுகளில் பிசிஐஇ 5.0 எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் கிராபிக்ஸ் ஸ்லாட்டின் பதினாறு தடங்கள் எட்டாகக் குறையும்.

7. கிராபிக்ஸ் கார்டு

ஸ்லாட் பொருத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிசிஐஇ தலைமுறைகள் முன்னும் பின்னும் ஒத்துப்போகும். ஆனால் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் எட்டுத் தடங்களையே பயன்படுத்துகின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கையே பயன்படுத்துகிறது. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் அத்தகைய கார்டு தன் திறனில் ஒரு பங்கை இழக்கும். நீளமான இரண்டாவது ஸ்லாட் பல போர்டுகளில் தோற்றத்தில்தான் பதினாறு. உள்ளே நான்கு தடங்களே இருக்கும். கார்டை எப்போதும் பிராசஸருக்கு அருகிலுள்ள முதல் நீள ஸ்லாட்டில் பொருத்துங்கள்.

ஒரே கார்டைப் பல நிறுவனங்கள் பல அளவுகளில் செய்கின்றன. எனவே ‘ஆர்டிஎக்ஸ் 5070’ என்று மட்டும் எழுதிக்கொள்வது போதாது. குறிப்பிட்ட மாடலின் நீளம், தடிமன், மின் இணைப்பு வகை ஆகிய மூன்றையும் தாளில் எழுதுங்கள். அடுத்த இரு படிகளும் இந்த மூன்றையே நம்பியிருக்கின்றன.

8. கேபினெட்டும் கூலரும்

இவ்விரண்டையும் ஒன்றாகவே முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் கேபினெட்டின் அகலம்தான் கூலரின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ஒப்பிட வேண்டியவை: கேபினெட் ஏற்கும் கூலர் உயரம், கார்டு நீளம், திரவக் கூலரின் ரேடியேட்டர் அளவு, எஸ்எம்பிஎஸ் நீளம்.

கார்டு நீளத்தில் ஒரு கண்ணி உண்டு. 330 மில்லிமீட்டர் என்று விவரப் பக்கம் சொன்னால் அது பெரும்பாலும் முன்பக்கம் ரேடியேட்டர் இல்லாத நிலையைக் குறிக்கும். ரேடியேட்டரின் தடிமன் வழக்கமாக 27 மில்லிமீட்டர், அதன் மின்விசிறி 25. இரண்டும் முன்பக்கம் வந்தால் 52 மில்லிமீட்டர் குறைந்து 278தான் மிஞ்சும். 300 மில்லிமீட்டர் கார்டு அப்போது நுழையாது.

காற்றுக் கூலர்களில் நாக்டுவாவின் என்எச்-டி15 165 மில்லிமீட்டர் உயரம். டீப்கூல் ஏகே400 155. ஒல்லியான மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டுகளில் முதலாவதை வைத்தால் பக்கக் கண்ணாடி மூடாது. அகலமான கூலர் ரேம் ஸ்லாட்டின் மேல் நீண்டு நிற்கும் என்பதால், 40 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்த ஆர்ஜிபி ரேமோடு அது இடிக்கக்கூடும்.

கூலரின் பிடிப்பும் சாக்கெட்டைப் பொறுத்தது. ஏஎம்4இன் கூலர்கள் பல ஏஎம்5இலும் பொருந்தும். தனக்கென்று வேறு பின்தகட்டைக் கேட்கும் கூலர் பொருந்தாது, ஏனெனில் ஏஎம்5இன் பின்தகட்டைக் கழற்ற முடியாது. எல்ஜிஏ 1200இன் கூலரை எல்ஜிஏ 1700இல் பொருத்தத் தனி இணைப்புத் தகடு வேண்டும், துளைகளின் இடைவெளி 75இலிருந்து 78 மில்லிமீட்டராக மாறிவிட்டது.

ரைசன் 5 7600 பெட்டியில் ரெய்த் ஸ்டெல்த் கூலர் வருகிறது. 7600எக்ஸ், 9600எக்ஸ் பெட்டிகளில் கூலரே இல்லை. அந்த எழுத்துக்குக் கூடுதல் விலை கொடுத்த பிறகு கூலருக்கும் தனியே கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பலர் பணம் கட்டிய பின்னரே அறிகிறார்கள். அக்கினி நட்சத்திரக் காலத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் வேலை செய்பவர், 7600க்கும் சிறிய கோபுரக் கூலர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அறையின் வெப்பநிலைக்குக் கீழே எந்தக் காற்றுக் கூலரும் பிராசஸரைக் குளிர்விக்காது. அதே காரணத்தால், முன்பக்கம் முழுதும் கண்ணாடியால் மூடிய கேபினெட்டைவிடக் கம்பிவலை முகப்புள்ளதே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது.

9. எஸ்எம்பிஎஸ்

இப்போதுதான் கூட்டிப் பார்க்கத் தேவையான எண்கள் எல்லாம் கையில் உள்ளன. ரைசன் 5 7600க்கு 88 வாட், ஆர்டிஎக்ஸ் 5070க்கு 250 வாட், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 70 வாட். ஆக மொத்தம் 408. அப்படியானால் 450 வாட் போதாதா என்றால், போதாது. கிராபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்குத் தம் சராசரியைவிட மிக அதிக மின்சாரத்தை இழுக்கக்கூடும். அந்த எழுச்சியைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும். என்விடியா இந்தக் கார்டுக்கு 650 வாட்டைப் பரிந்துரைக்கிறது. அதையே கீழெல்லையாகக் கொள்ளுங்கள்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் அச்சிட்ட வாட் எண்ணை நம்ப வேண்டாம். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12ஆல் பெருக்கினால் உண்மையான திறன் தெரியும், ஏனெனில் பிராசஸரும் கார்டும் அந்தத் தடத்திலிருந்தே உண்ணுகின்றன. 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு விரயமின்றி மாற்றுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்பு அமைப்புகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அடுத்து கேபிள்கள். பிராசஸருக்கான 8 முனைக் கேபிளும் கார்டுக்கான 8 முனைக் கேபிளும் தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் மின் அமைப்பில் வேறானவை. பிராசஸருக்குரியது 4+4 ஆகவும் கார்டுக்குரியது 6+2 ஆகவும் பிரியும். கார்டின் ஸ்லாட் 75 வாட்டும், ஒரு 8 முனைக் கேபிள் 150 வாட்டும் தரும் என்ற கணக்கில் எத்தனை கேபிள்கள் வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

புதிய கார்டுகளின் 16 முனை இணைப்புக்கு நேரடிக் கேபிள் தரும் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அடாப்டர் தேவைப்படாது. அந்த இணைப்பு முழுமையாக உள்ளே அமர வேண்டும், முனைக்கு மிக அருகில் கேபிளை வளைக்கவும் கூடாது. சரியாக அமராத இணைப்புகள் உருகிய நிகழ்வுகள் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் பதிவாகியிருக்கின்றன.

இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: ஒரு மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருபோதும் சொருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்க முனைகளின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டியும் ஹார்டுடிஸ்க்கும் அந்தக் கணமே எரிந்துபோகும்.

10. யூபிஎஸ்

பட்டியலில் இது இடம்பெறுவதே அரிது. ஆனால் மின்வெட்டு உள்ள ஊரில் இதுவும் பொருத்தத்தில் சேர்ந்ததே. 600 விஏ என்று விற்கப்படும் வீட்டு யூபிஎஸ்ஸின் திறன் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே. நம் எடுத்துக்காட்டுக் கணினி முழுச் சுமையில் இருக்கும்போது மின்சாரம் போனால் அது அப்போதே அணைந்துவிடும். மானிட்டரும் அதே யூபிஎஸ்ஸில் இருந்தால் சொல்லவே வேண்டாம். விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள்.

ஆக்டிவ் பிஎஃப்சி (மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவான யூபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ அலையோடு ஒத்துப்போகாமல் மாறும் கணத்தில் அணைந்துவிடுவதுண்டு. முடிந்தால் சைன் அலை தரும் யூபிஎஸ்ஸை எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைப்பவர் அதன் மாற்று நேரத்தைக் குறைக்கும் யூபிஎஸ் நிலையை இயக்கியிருக்க வேண்டும்.

11. சிறு இணைப்புகள்

கேபினெட்டின் முகப்பில் டைப்-சி போர்ட் இருந்தால், போர்டில் அதற்குரிய தனி ஹெடர் (கேபிளைச் சொருகும் முனைத் தொகுதி) இருக்க வேண்டும்; மலிவான போர்டுகளில் அது இருப்பதில்லை. மின்விசிறிகளின் எண்ணிக்கையை ஃபேன் ஹெடர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அலங்கார விளக்குகளில் 3 முனை ஏஆர்ஜிபி 5 வோல்ட்டில் இயங்குவது, 4 முனை ஆர்ஜிபி 12 வோல்ட்டில் இயங்குவது. 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் ஹெடரில் வற்புறுத்திச் சொருகினால் விளக்குகள் கருகும்.

12. பணம் கட்டும்போதும் பெட்டியைத் திறந்த பிறகும்

எல்லாப் பாகங்களையும் கூடுமானவரை ஒரே வாரத்துக்குள் வாங்குங்கள். விலை இறங்கட்டும் என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால், முதலில் வாங்கியதில் பழுது இருப்பது தெரியவரும்போது திருப்பித் தரும் காலம் முடிந்திருக்கும்.

மதர்போர்டைக் கடையிலேயே திறந்து, சாக்கெட்டின் ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று கடைக்காரர் முன்னிலையில் பாருங்கள். ஏஎம்5, எல்ஜிஏ 1700, எல்ஜிஏ 1851 மூன்றிலும் ஊசிகள் போர்டில்தான் இருக்கின்றன. வளைந்த ஊசிக்கு வாரண்டி கிடைப்பது கடினம். இணையத்தில் வாங்கினால் பெட்டியைத் திறப்பதைக் காணொளியாக எடுத்துவைப்பது பயன்படும்.

கேபினெட்டில் ஏற்றுவதற்கு முன், போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ரேம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் சேருங்கள். பழுது இருந்தால் எல்லாத் திருகுகளையும் மறுபடி கழற்றும் வேலை மிச்சமாகும்.

ஏஎம்5 போர்டுகள் முதன்முறை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் ரேமின் நிலையைக் காட்டும் டிரேம் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அந்நேரத்தில் பதற்றத்தில் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி இயக்கினால் அந்த வேலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். படம் வந்ததும் பயாஸில் பிராசஸரின் பெயர், ரேமின் மொத்த அளவு, எஸ்எஸ்டி ஆகிய மூன்றும் தெரிகின்றனவா என்று பார்த்து, பயாஸைப் புதுப்பித்து, அதன் பிறகு எக்ஸ்போவை இயக்குங்கள். புதுப்பித்தால் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால்தான் இந்த வரிசை.

சாக்கெட்டின் மேலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறிய வேண்டாம். போர்டை வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால், அந்த மூடி சாக்கெட்டின் மேல் இருந்தால்தான் சில நிறுவனங்கள் பெற்றுக்கொள்கின்றன. ரசீதையும் அதையும் மதர்போர்டின் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள்.